டுங்கி இல்லாத ஜெட்டி

அந்தமானில், லாங் ஐலண்டில், கோடீஸ்வரர்களின் பாய்மரப் படகுப் பந்தயம் ஒன்றுக்கு நான் விருந்தாளியாகப் போயிருந்தேன் என்று சொன்னால், எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் இன்றைக்கும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வேன், படகுகளின் பளபளப்பைப் பற்றிச் சொல்வேன், அதோடு நிறுத்திக்கொள்வேன். மீதியைச் சொல்ல வெட்கம். எழுதவும் வெட்கம்தான், ஆனால் எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

என் தங்கை வள்ளி போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கிறாள். அவள் கணவர் முருகேசன் கான்ட்ராக்டர். சுனாமியில் உடைந்துபோன, படகு அணையும் ஜெட்டிகளையும் சுவர்களையும் கட்டிக்கொடுத்துத் தலையெடுத்தவர். சுற்றுலாவை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும் என்று பேச்சு எழுந்த காலத்தில்தான் இந்தப் பந்தயமும் வந்தது. ஒருநாள் மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், தாய்லாந்துல இருந்து பெரிய பெரிய ஆளுக படகோட வாராவ. பந்தல், சாப்பாடு, காவலு எல்லாம் நம்ம பொறுப்பு. ஆனா அவுக இங்கிலீஷு நமக்குப் பிடிபடமாட்டேங்கு. நீங்க வந்து பக்கத்துல நின்னாப் போதும்." நான் பாளையங்கோட்டையில் ஆங்கிலம் நடத்துகிறவன். நின்றால் போதும் என்று யாராவது கூப்பிட்டால் மறுக்கிற ஆளும் அல்ல.

முதல் நாள் தங்கை வீட்டில் கழிந்தது. சூரை மீன் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் புளிக்குழம்புதான், ஆனால் தேங்காய் மூன்று மடங்கு. தெருக் குழாயடியில் ஒரு பெங்காலி அம்மாளும் ஒரு தெலுங்கு அம்மாளும் என் தங்கையும் இந்தியில் சண்டை போட்டார்கள். சண்டை முடிந்ததும் அதே இந்தியில் மீன் விலை பேசினார்கள். வள்ளி தமிழில் தொடங்கும் வாக்கியம் பாதியில் இந்திக்குத் தாவிவிடுகிறது. "மெயின்லேண்டுல மழையாண்ணே? இங்க ஏக்தம் சூகா" என்றாள், சுத்த வறட்சியாம். பாளையங்கோட்டையை யாரும் மெயின்லேண்ட் என்று சொல்லிக் கேட்டதில்லை, எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"ரிகட்டான்னா என்னண்ணே?" என்று கேட்டாள்.

"நம்ம ஊரு ரேக்ளா பந்தயம் மாதிரிதான். மாட்டுக்குப் பதிலா காத்து."

"காத்தை எங்க போய் வாலைப் பிடிச்சு முறுக்குதது?" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

இரண்டாம் நாள் எராட்டா ஜெட்டி வரை சாலைப் பயணம். முன் இருக்கையில் இருந்தவர் வாந்தி எடுத்ததைப் பார்த்து நானும் எடுத்தேன். அங்கிருந்து லாங் ஐலண்டுக்கு அரசுப் படகு கிளம்பிப் போயிருந்தது. மாப்பிள்ளை அசரவில்லை. "டுங்கி இருக்குல்லா" என்றார்.

டுங்கி என்றால் அந்தத் தீவுகளில் கால் மாதிரி. நீளமான மரப்படகு, நடுவில் டீசல் இன்ஜின், தடதடவென்று சத்தம். மீன் பிடிக்கவும் அதுதான், சிமெண்ட் ஏற்றவும் அதுதான், கல்யாணத்துக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அதுதான். எங்களுக்குக் கிடைத்த டுங்கியை ஓட்டியவர் பெயரைச் சின்னையா என்று வைத்துக்கொள்கிறேன். ஏன் மாற்றினேன் என்பது கடைசியில் தெரியும்.

சின்னையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கட்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர். சுனாமியில் அங்கே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, மகளோடு லாங் ஐலண்டில் இருந்த உறவுக்காரர்களிடம் வந்து சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, மாப்பிள்ளை என் காதில் சொன்னார். சின்னையா பேசியது மகளைப் பற்றி மட்டும்தான்.

"நாளைக்கு மாயாபந்தர்ல இன்டர்வியூ சார். நர்ஸ் வேலை. பெர்மனென்ட். இதுக்காகவே போர்ட் பிளேர்ல தங்கிப் படிச்சிச்சி. அடுத்த வாட்டி கூப்பிடக்குள்ள வயசு தாண்டிரும். இதுதான் கடைசி."

"நாளைக்குப் படகு ஓடாதே" என்றார் மாப்பிள்ளை. பந்தயத்துக்காகக் காலைப் படகை நிறுத்தியிருந்தார்கள்.

"படகு எதுக்குங்க, நம்ம டுங்கி இருக்கே. விடிய ஏறினா எராட்டாவுல மொத பஸ்ஸைப் பிடிச்சிறலாம்" என்று சின்னையா சிரித்தார்.

சதுப்புக் காட்டு ஓடையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் அந்தப் படகுகள் தெரிந்தன. படகு என்று சொல்லவே நா கூசியது. வெள்ளை வெளேரென்று ஏழெட்டு நின்றன. ஒவ்வொன்றின் பாய்மரமும் எங்கள் ஊர்க் கோபுரத்தோடு போட்டி போடும் உயரம். ஜெட்டியில் அவர்களுடைய ரப்பர் படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடந்ததால், சின்னையா இறங்க இடம் தேடி இரண்டு முறை சுற்ற வேண்டியிருந்தது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் அது கவனிக்க வேண்டிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

மாலையில் நடுவர்களின் படகில் விருந்து. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். கோயில் போல என்று நினைத்தேன், தேக்குத் தரையில் கீறல் விழக் கூடாதாம். பச்சை மீனைச் சீவி எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். சூப்பு சில்லென்று இருந்தது. ஆறிப்போய்விட்டதாக்கும் என்று சூடு பண்ணித் தரச் சொன்னேன். பரிமாறிய பெண் சிரிக்காமல் வாங்கிக்கொண்டு போனாள். அது குளிராகவே குடிக்க வேண்டிய சூப்பு என்று பக்கத்திலிருந்தவர் பிறகு சொன்னார். மாப்பிள்ளை விவரமாக ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் சாப்பிட்டார்.

பந்தயத்தை நடத்துகிறவர் ஹெலன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. வெயிலில் பழுத்த முகம், சுருக்கமான பேச்சு. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "நாளை பந்தயம் முடியும்வரை ஜெட்டியில் டிங்கிகள் வேண்டாம். வழியிலும் குறுக்கே வரக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "என்ன மச்சான் சொல்லுதா?"

"டிங்கி கூடாதாம்."

"டிங்கின்னா? நம்ம டுங்கியா?"

இங்கேதான் நான் ஆங்கில வாத்தியார் ஆனேன். "அதே வார்த்தைதான் மாப்பிள்ளை. நம்ம நாட்டுல இருந்துதான் இங்கிலீஷுக்கே போச்சு. வெள்ளைக்காரன் டுங்கியைத்தான் டிங்கி ஆக்கிட்டான்." அதை ஹெலனிடமும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். "அப்படியா, எவ்வளவு சுவாரசியம்" என்றார். நான் மகிழ்ந்துபோய் இன்னும் இரண்டு சொற்களுக்கு மூலம் சொன்னேன். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அந்த வார்த்தை இங்கிருந்துதான் போனது. போன இடத்தில் அது வேறு ஒன்றுக்குப் பெயராகிவிட்டதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஜெட்டியில் மைக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை இந்தியில் முழங்கினார். "கல் சுபே ஜெட்டி மே ஏக் பீ டுங்கி நஹி." அடுத்து நான் தமிழில் சொன்னேன். நாளை பந்தயம் முடியும்வரை ஒரு டுங்கியும் ஜெட்டியில் இருக்கக் கூடாது, கடலில் குறுக்கே வரவும் கூடாது, ஒத்துழைப்பு தாருங்கள். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

யாரும் முகம் சுளிக்கவில்லை. வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். "நம்ம டுங்கி குறுக்க ஓடினா அவங்க தோத்துப் போயிருவாங்கன்னு பயம்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. இருட்டுவதற்குள் எல்லா டுங்கிகளும் தீவின் மறுபக்கம் லாலாஜி பே என்ற விரிகுடாவுக்குப் போய்விட்டன. ஜெட்டி துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது.

சின்னையா மட்டும் தயங்கி வந்தார். "சார், விடிய ஒரே ஒரு டுங்கி. மக இன்டர்வியூவுக்கு."

நான் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாவ அண்ணாச்சி. மைக்குல சொல்லியாச்சு."

"சரிங்க. அப்ப லாலாஜி பே வரைக்கும் நடந்து போயி அங்கன ஏறிக்கிறோம். பந்தயம் தொடங்கறதுக்குள்ள சுத்தி வந்துருவோம்" என்றார். எங்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதுபோல் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் மகள் மலர், இதுவும் நான் வைத்த பெயர்தான், சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். அவளும் கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் பந்தயம். காற்று நன்றாக இருக்கிறதென்று, அறிவித்திருந்த நேரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். நான் நடுவர் படகின் மேல்தளத்தில், கையில் வாக்கி டாக்கியோடு. காவலுக்கு மாப்பிள்ளை அமர்த்தியிருந்த படகுக்காரர்கள் இந்தியில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதுதான் என் வேலை. உண்மையைச் சொன்னால் ரேக்ளாவில் இருக்கிற விறுவிறுப்பில் கால்வாசி இதில் இல்லை. அத்தனை பெரிய படகுகள் சத்தமே இல்லாமல் சாய்ந்து சாய்ந்து போய், தூரத்தில் ஒரு மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்புகின்றன. யார் முந்துகிறார் என்றே தெரியவில்லை. ஒரு தட்டில் மாம்பழமும் பாலாடைக்கட்டியும் வந்தன. மாம்பழத்தை எடுத்துக்கொண்டேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "சாப், ஏக் டுங்கி ஆ ரஹா ஹை. வாபஸ் பேஜூன் க்யா?" ஒரு டுங்கி வருகிறது, திருப்பி அனுப்பவா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, "ஹாங், வாபஸ் பேஜோ" என்றேன். வாழ்க்கையில் நான் இந்தியில் போட்ட முதல் உத்தரவு. போட்டதும் நன்றாகத்தான் இருந்தது.

ஹெலன் தொலைநோக்கியை இறக்கினார். "அந்த மனிதரை ஏன் விரட்டுகிறார்கள்?"

"டிங்கிகள் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். படகின் பின்பக்கம் கட்டித் தொங்கிய ரப்பர் படகைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "டிங்கி என்றால் அது. எங்கள் ரப்பர் படகுகள். நேற்று ஜெட்டியை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஊர்க்காரர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்றுதான் எடுக்கச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "காலையிலிருந்து பார்க்கிறேன், ஊர்ப் படகு ஒன்றுகூட இல்லை. எல்லோரும் தங்கள் படகுகளில் வந்து பார்ப்பார்கள் என்று ஆசையாக இருந்தேன். எங்கள் மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். டுங்கி திரும்பிக்கொண்டிருந்தது. பின்பக்கம் சின்னையா. நடுவில் நீலப் புடவையில் ஒரு பெண், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு, தண்ணீர் தெறிக்காமல் இருக்கக் குடையை முன்னால் பிடித்திருந்தாள். என் வாயில் இன்னும் மாம்பழம் இருந்தது.

ஹெலனிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்மணி உடனே மாலுமியைக் கூப்பிட்டு ரப்பர் படகை இறக்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். அது பறந்த வேகத்தில் சட்டையெல்லாம் நனைந்துபோனது. டுங்கியின் பக்கத்தில் போய் நின்றதும் சின்னையா பயந்துபோய், "திரும்பிட்டோம் சார், திரும்பிட்டோம்" என்றார்.

"பெர்மிஷன் கெடைச்சிருச்சு. ஏறும்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பெர்மிஷன் என்ற சொல் எப்படி என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. சின்னையா கையெடுத்துக் கும்பிட்டார். மலர் ஏறி உட்கார்ந்தாள்.

ரப்பர் படகு எங்களை எராட்டாவில் இறக்கிவிட்டபோது முதல் பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்தது, ரங்கத் ஊரைத் தாண்டியதும் டயர் வெடித்தது. டிரைவர் தெலுங்கு, கண்டக்டர் மலையாளி, இருவரும் ஜாக்கியைப் பற்றி இந்தியில் வாதாடினார்கள். வேறொரு சமயமாக இருந்தால் அந்தக் காட்சியை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பேன். அன்றைக்கு ரோட்டோரம் நின்று சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலர் ஒருமுறைகூட மணி கேட்கவில்லை.

பஸ் மறுபடி கிளம்பியதும் அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். தடித்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். பாதியை என்னிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க சார். எனக்காக அங்கன உள்ள சாப்பாட்டையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கீங்க."

வாங்கிக்கொண்டேன். சம்பல் நல்ல உறைப்பு. கண்ணில் நீர் வந்ததற்கு அது ஒரு வசதியாக இருந்தது.

"அந்தக் கப்பல்ல என்ன சார் சாப்பாடு குடுப்பாங்க?"

"ஒண்ணும் பிரமாதமில்லம்மா" என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்டர்வியூவுக்குப் போகிற பெண்ணைக் கலவரப்படுத்தக் கூடாது, முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். கோழைக்கு எப்போதும் நல்ல காரணம் கிடைக்கும்.

மாயாபந்தரில் அந்த அலுவலகத்தின் வராந்தாவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் தமிழர், மெயின்லேண்டிலிருந்து மாற்றலில் வந்தவர். "என்னம்மா இப்ப வந்து நிக்கிற? எல்லாம் முடிச்சு பெரியவங்க கெளம்பிட்டாங்களே" என்றார். கெட்ட மனிதர் அல்ல. போன் போட்டுப் பார்த்தார், அந்தப் பக்கம் யாரோ முடியாது என்றார்கள். நான் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சார், எனக்கும் புரியுது. இனி உள்ள நுழைக்க என்னால முடியாது. அடுத்த தடவை பாருங்க" என்றார்.

"அடுத்த தடவைக்கு எனக்கு வயசு இருக்காதுங்க" என்றாள் மலர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் எழுந்து போய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஊர் வரும்போதும் நினைத்தேன். ஊர்கள் வந்துகொண்டிருந்தன, போய்க்கொண்டிருந்தன.

எராட்டாவில் சின்னையா டுங்கியோடு காத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். அவள் போய் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்பக்கம், சின்னையாவுக்குப் பக்கத்தில். இன்ஜின் சத்தத்தில் முன்னால் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

"அண்ணே, அவங்க உங்க டுங்கியைச் சொல்லவே இல்லை. அவங்களோட ரப்பர் படகைச் சொன்னாங்க. நான்தான் தப்பா மாத்திச் சொல்லிட்டேன். திருப்பி அனுப்பச் சொன்னதும் நான்தான்."

அவர் சுக்கானைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனேன்.

"அப்ப விடிய ஜெட்டியிலயே ஏறியிருக்கலாமா?"

"ஏறியிருக்கலாம்."

"யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நீங்க எல்லாரும் டுங்கியில வந்து பாப்பீங்கன்னு அந்தம்மா காத்துக்கிட்டுல்ல இருந்திருக்காங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். திறந்த கடலுக்கு வந்த பிறகு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இத அதுகிட்ட சொல்லிறாதீங்க சார். அவங்க விடலன்னு நெனச்சா நாள்பட ஆறிரும். போயிருக்கலாம்னு தெரிஞ்சா ஆறாது."

லாங் ஐலண்ட் ஜெட்டியில் சீரியல் விளக்குகள் எரிந்தன. பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது, மாப்பிள்ளை மைக்கில் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் படகு ஒன்றுகூட இல்லை. சின்னையா நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். முதலில் மலர் இறங்கினாள். எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டாள்.

"எனக்காக அந்த வெள்ளக்காரங்ககிட்ட கதைச்சு பெர்மிஷன் வாங்கினீங்களே சார். வேற யாருக்கும் ஏலாது. கெடைக்காட்டி என்ன, நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேன்."

சின்னையா குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பரவாயில்லம்மா" என்றேன்.